வேலை இல்லாதவனுக்குத்தான் இந்தக் கேள்வி வருமா? (சொலாரிஸ், மூன், மாநாடு, நம் ஊர் மாமத யானை)

மலைப்பாதை20 | திங்கள், இரவு 9.12

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில், நண்பரின் காப்பித் தோட்ட வீட்டில் ருஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் ‘சொலாரிஸ்’ பார்த்தோம். 1972ஆம் ஆண்டுப் படம். இரண்டே முக்கால் மணி நேரம் ஓடுகிறது. திரை என்று பெரிதாக எதுவும் இல்லை, நண்பருடைய பெரியப்பாவின் எட்டு முழ வேட்டிதான். பதினொரு பேர் உட்கார்ந்தோம். கதாநாயகன் விண்வெளிக்குப் போவதற்கு முன்பே ஒரு டோக்கியோ சாலைக் காட்சி வருகிறது. கார் போகிறது, சுரங்கத்துக்குள் நுழைகிறது, வெளியே வருகிறது, மறுபடி போகிறது. ஏறத்தாழ ஐந்து நிமிடம் வேறு எதுவும் நடப்பதில்லை. அதிலேயே ஆறு பேர் தூங்கிவிட்டார்கள்.

பார்க்காதவர்களுக்காக: சொலாரிஸ் என்ற கோளில் ஒரு பெருங்கடல். அந்தக் கடலுக்கு அறிவு உண்டு. மேலே சுற்றும் நிலையத்தில் இருப்பவர்கள் உறங்கும்போது அவர்கள் நினைவில் புதைந்து கிடப்பதை எடுத்து, ஆளாகவே செய்து அனுப்பிவிடுகிறது. உளவியலாளர் கெல்வினிடம் வந்து சேர்வது, பல ஆண்டுகளுக்கு முன் தற்கொலை செய்துகொண்ட அவன் மனைவி ஹாரி.

பெரியப்பா கடைசி வரை விழித்திருந்தார். வசனங்களை நான்தான் அவர் காதருகே தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். சேலத்தில் மகள் வீட்டுக்குப் போவதற்காக அவரும் எங்களோடு கடைசி பஸ்ஸில் இறங்கினார். வழியில் சொன்னார்: “படம் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. ஆனால் நான் யார், எதற்காக இருக்கிறேன் என்பதெல்லாம் வேலை இல்லாதவனுக்கு வருகிற கேள்வி. மிளகு பறிக்கிற காலத்தில் வந்து கேட்டுப் பார்.”

எனக்குப் பதில் வரவில்லை. டிரைவர் இருபதாவது கொண்டை ஊசி வளைவில் வண்டியை ஒடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். நாளைக் காலையில் இதே வண்டி இதே இருபது வளைவுகளையும் ஏற வேண்டும், பிறகு இறங்க வேண்டும். உருண்டு விழும் பாறையை மறுபடி மறுபடி மலைமேல் உருட்டும் கிரேக்கச் சிசிபஸின் கதையும் இதுதானே என்று தோன்றியது. அறிவியல் புனைவுப் படங்களில் இருத்தலியலும் (நான் யார் என்பதை நானே தீர்மானிக்க வேண்டும் என்பது) அபத்தவாதமும் (எதற்கு என்று கேட்டால் உலகம் பதில் சொல்லாது என்பது) வருவதைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். பெரியப்பாவுக்கு என்ன சொல்லலாம்?

பன்னிரண்டாம்_வளைவு | திங்கள், இரவு 9.40

என் அப்பா அந்தப் பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரைச் சிசிபஸ் என்றால் எனக்குக் கோபம் வரும், அவருக்குச் சிரிப்பு வரும்.

வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்க வேண்டும், ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும், மூட்டமான நாளில் சாலையோர வெள்ளைக் கல்லை எண்ணிக்கொண்டு ஓட்ட வேண்டும். எந்த வளைவில் எந்தப் பிள்ளை பள்ளிக்கூடப் பையோடு நிற்கும், எந்தக் கிழவி பலாப்பழத்தோடு நிற்பாள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சிசிபஸின் பாறையில் யாரும் ஏறி உட்கார்ந்து டிக்கெட் எடுப்பதில்லை. திரும்பத் திரும்பச் செய்வதெல்லாம் அபத்தம் என்றால் இட்லி சுடுவதும் அபத்தம்தான்.

அஸ்தம்பட்டி_வாசகர் | திங்கள், இரவு 10.25

அம்மா சொன்னது சரி. நான் கல்லூரியில் பாடம் நடத்திய காலத்திலும் பிள்ளைகள் செய்த முதல் தவறு இதுதான். சிசிபஸை வைத்துப் பிரெஞ்சு எழுத்தாளர் காம்யு எழுதிய நூல் 1942இல் வந்தது. அவர் கணக்கில் அபத்தம் என்பது பாறையிலும் இல்லை, உருட்டுகிறவனிடமும் இல்லை. மனிதன் ‘ஏன்’ என்று கேட்கிறான், உலகம் வாய் திறப்பதில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அபத்தம் இருக்கிறது. கேட்காதவனுக்கு அது கிடையாது. ஆகவே பஸ் ஓட்டுவது அபத்தமா என்பது டிரைவர் என்ன கேட்கிறார் என்பதைப் பொறுத்தது, வளைவுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது அல்ல.

காம்யுவையும் இருத்தலியல் தத்துவவாதி சார்த்தரையும் ஒரே மூட்டையில் கட்டுவது இரண்டாவது தவறு. காம்யு தன்னை இருத்தலியலாளர் என்று சொல்லிக்கொள்ள மறுத்தவர். 1952இல் இருவருக்கும் பேச்சே நின்றுபோனது. ‘அந்நியன்’ நாவலை வெ. ஸ்ரீராமின் தமிழாக்கத்தில் படித்தவர்களுக்குக் காம்யுவின் குரல் தெரிந்திருக்கும்: விளக்கம் கேட்காதே, வெயிலைப் பார். சார்த்தர் அப்படி விடமாட்டார். நீ என்ன செய்தாய், அதற்கு நீயே பொறுப்பு என்று சட்டையைப் பிடிப்பார்.

சார்த்தர் 1945இல் பாரிஸில் ஆற்றிய உரையில் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. காகிதம் வெட்டும் கத்தியைச் செய்கிறவன், அது எதற்கு என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் செய்கிறான். பயன் முதலில், கத்தி பிறகு. மனிதனைக் குறித்து அப்படி யாரும் முடிவு செய்து வைக்கவில்லை. அவன் முதலில் இருக்கிறான், பிறகுதான் தன்னை என்னவாகவோ ஆக்கிக்கொள்கிறான். ‘இருப்பு சாரத்துக்கு முந்தியது’ என்பதன் பொருள் இவ்வளவுதான்.

அறிவியல் புனைவு இங்கே ஒரு குறும்பு செய்கிறது. கத்திக்கு உயிர் கொடுத்துவிடுகிறது. ‘பிளேட் ரன்னர்’ படத்தில் வரும் செயற்கை மனிதர்கள் கூலிக்கும் போருக்கும் என்று செய்யப்பட்டவர்கள். நான்கு ஆண்டு ஆயுள் என்று முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டவர்கள். அவர்கள் ஒரு நாள் ‘நான் கத்தி மட்டும்தானா’ என்று கேட்கிறார்கள். பெரியப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். கேட்பவர்கள் வேலை இல்லாதவர்கள் அல்லர். வேலைக்கென்றே செய்யப்பட்டவர்கள்.

பழைய_ரீல் | திங்கள், இரவு 11.02

1952 என்றதும் கை அரிக்கிறது, மன்னியுங்கள். பாரிஸில் அவர்கள் இருவரும் சண்டை போட்ட அதே ஆண்டில்தான், ஏற்காடு அடிவாரத்தில் இருந்த நம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் ‘காடு’ படம் வெளியானது. ஸ்டுடியோவை நிறுவிய டி.ஆர். சுந்தரம் அமெரிக்க நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து தயாரித்தது. ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’. காட்டு யானைகள் மிரண்டு ஊருக்குள் ஓடி வருகின்றன. ஏன் என்று பார்க்கப் போனால், எப்போதோ அழிந்துபோன, சடை மயிர் கொண்ட மாமத யானைகள் (மாமூத்) உயிரோடு இருக்கின்றன. நிஜ யானைகளுக்குச் சடை மயிர் ஒட்டி மாமத யானை ஆக்கினார்கள். இந்தியாவின் தொடக்க கால அறிவியல் புனைவுப் படங்களைப் பற்றிப் பேசும் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. இப்போது அங்கே மிஞ்சியிருப்பது சாலையோர நுழைவாயில் வளைவு. அதைத் தாண்டித்தான் நீங்கள் எல்லோரும் ஏற்காடு போகிறீர்கள்.

சும்மா_படிக்கிறேன் | திங்கள், இரவு 11.10

யானைக்கு மயிர் ஒட்டியதில் இருத்தலியல் எங்கே வருகிறது ஐயா?

பழைய_ரீல் | திங்கள், இரவு 11.13

அந்த யானையைக் கேட்டுப் பாருங்கள். தான் யானையா மாமத யானையா என்று அதற்குத்தான் தெரிந்திருக்காது.

நெறியாளர் | செவ்வாய், காலை 6.50

யானைக்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளலாம். (சிரித்துவிட்டேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.)

கொலுசுப்பட்டறை | செவ்வாய், இரவு 10.48

நான் எழுதுகிற ஆள் இல்லை, படிக்கிற ஆள். வாசகர் ஐயா சொன்னதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

‘மூன்’ என்று ஒரு படம், 2009இல் வந்தது. டங்கன் ஜோன்ஸ் இயக்கம். நிலவின் மறுபக்கத்தில் ஹீலியம்-3 எடுக்கும் நிலையம். மொத்த வேலைக்கும் சாம் என்ற ஒரே ஆள். மூன்று ஆண்டு ஒப்பந்தம். முடியப் போகிறது, மனைவியையும் குழந்தையையும் பார்க்கப் போகிறோம் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கிறான். ஒரு விபத்து நடக்கிறது. கண் விழித்தால் உடம்பு சரியாக இருக்கிறது. வெளியே போய்ப் பார்த்தால், விபத்தான வண்டிக்குள் இன்னொரு சாம் குற்றுயிராகக் கிடக்கிறான். இரண்டு பேருமே நகல்கள். மனைவி மகள் நினைவெல்லாம் மூல ஆளுடையது. மூன்று ஆண்டு முடிந்தால் ஊருக்கு அனுப்புவதாகச் சொல்லிப் பெட்டிக்குள் படுக்க வைத்து எரித்துவிட்டு, அடுத்த நகலை எழுப்புவார்கள். நிலத்தடி அறையில் வரிசை வரிசையாகத் தூங்குகிறார்கள்.

நான் பட்டறையில் கண்ணி கோத்துப் பற்ற வைக்கிறவன். என் அப்பாவும் இதையே செய்தார், தாத்தாவும் இதையே செய்தார். மெருகு போட்டுக் கொடுத்தால் கொலுசு கடைக்குப் போகும். யார் செய்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். அந்த நிலத்தடி அறையைப் பார்த்தபோது எனக்குக் கதை புரிய ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

பெரியப்பா வேலை இல்லாதவனுக்கு வரும் கேள்வி என்கிறார். என் அனுபவம் வேறு. வேலை இல்லாத நாளில் வாடகையைப் பற்றித்தான் யோசனை வரும். வேலை பழகிய பிறகு கை தானாக ஓடும், தலை சும்மா இருக்கும். அப்போதுதான் வரும், ஊதுகுழலை வாயில் வைத்துக்கொண்டிருக்கும்போதே வரும். அந்தச் சாம் கூட, வேலை முடிந்து மரத்தில் ஒரு சின்ன ஊரைச் செதுக்கிக்கொண்டிருப்பான். யாரும் செய்யச் சொல்லவில்லை. எனக்கு அந்தப் படத்தில் மிகவும் பிடித்தது அதுதான்.

அஸ்தம்பட்டி_வாசகர் | செவ்வாய், இரவு 11.20

தம்பி, நாற்பது ஆண்டு நான் வகுப்பில் சொன்னதைவிட இது தெளிவாக இருக்கிறது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். படத்தின் இறுதியில் மூத்த சாம் தன் சாவைத் தானே தேர்ந்துகொள்கிறான்: இளையவன் தப்பிக்கட்டும் என்று விபத்தான வண்டிக்கே திரும்பிப் போய் உட்காருகிறான். நினைவு அவனுடையதல்ல, உடம்பு அவனுடையதல்ல, பெயரும் அவனுடையதல்ல. அந்த முடிவு அவனுடையது. சார்த்தர் இருந்திருந்தால் அதைத்தான் சுட்டிக்காட்டியிருப்பார்.

மலைப்பாதை20 | புதன், காலை 7.30

கொலுசுப்பட்டறை அண்ணன் எழுதியதைப் பெரியப்பாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, “அவர் சொல்வதும் சரிதான். ஆனால் நாங்கள் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி நின்று பறிக்கிறோம். தலை சும்மா இருந்தால் கீழே விழ வேண்டியதுதான்” என்றார்.

சும்மா_படிக்கிறேன் | புதன், மதியம் 1.15

ஒரு சந்தேகம், கிண்டல் இல்லை. இதெல்லாம் ருஷ்யாவிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எடுத்த படங்கள். தமிழில் ஒன்றும் தேறாதா? ‘எந்திரன்’ இருக்கிறதே.

பழைய_ரீல் | புதன், மதியம் 2.05

‘எந்திரன்’ 2010. கடைசியில் 2030ஆம் ஆண்டு அருங்காட்சியகத்தில் சிட்டியின் தலை பேசுகிறது. உன்னை ஏன் பிரித்துப் போட்டார்கள் என்று ஒரு பள்ளிச் சிறுமி கேட்கிறாள். சிந்திக்கத் தொடங்கியதால்தான் என்கிறது. மூன்று மணி நேரப் படத்தில் இருத்தலியல் அந்த ஒற்றை வாக்கியத்தில் இருக்கிறது. அதற்கு முன் தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றிப் போடும் காட்சி. அதில் ஒரு துளி சோகம் உண்டு. மற்றதெல்லாம் துப்பாக்கி உருண்டை.

பன்னிரண்டாம்_வளைவு | புதன், இரவு 9.05

‘மாநாடு’ படத்தை யாரும் சொல்லவில்லையே. 2021. ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிற கதை. நாயகனுக்கு அந்தச் சுழல் ஒரு கடமையோடு வருகிறது: முதலமைச்சரைக் காப்பாற்ற வேண்டும், கலவரத்தைத் தடுக்க வேண்டும். காரணமும் தயாராக இருக்கிறது. உஜ்ஜயினி காலபைரவர் கோயிலில் பிறந்தவன். நம் படங்களில் காலம் கூடக் காரணம் சொல்லிவிட்டுத்தான் சுழலும். அவன் ஒரு கணமும் சிசிபஸ் இல்லை.

ஆனால் எஸ்.ஜே. சூர்யா நடித்த போலீஸ் அதிகாரியைப் பாருங்கள். அவரும் அதே சுழலுக்குள் மாட்டிக்கொள்கிறார். எந்தத் தெய்வமும் அவருக்குக் கடமை கொடுக்கவில்லை. சுட வேண்டும், தோற்க வேண்டும், மறுபடி அதே நாளில் விழிக்க வேண்டும். அலுப்பில் ‘ரிப்பீட்டு’ என்று அவர் கத்தும்போது தியேட்டரே சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், அந்தப் படத்தில் அபத்தத்தை உண்மையாக அனுபவிக்கிற ஒரே ஆள் வில்லன்தான். நாம் அபத்தத்தை வில்லனுக்குக் கொடுத்து அதைச் சிரிப்பாக்கிவிட்டோம். இது குறையா, நம் வழி இப்படித்தானா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

இன்னொன்று. சொலாரிஸ் பற்றித் தொடங்கிவிட்டு எல்லோரும் கெல்வினையே பேசுகிறீர்கள். தத்துவம் பேசுகிற ஆண்களுக்கு இறந்துபோன மனைவி ஒரு வசதி. அந்தப் படத்தின் இருத்தலியல் நாயகன் கெல்வின் இல்லை, ஹாரி. அவள் முதன்முதலில் வரும் காட்சியில் உடையைக் கழற்ற முடிவதில்லை. நாடா இருக்கிறது, ஆனால் திறப்பு இல்லை. கெல்வின் கத்தரிக்கோலால் வெட்டுகிறான். ஏன் என்றால் அவள் அவன் நினைவிலிருந்து செய்யப்பட்டவள். கணவன் நினைவில் அந்த உடை இருக்கிறது, அது எப்படித் திறக்கும் என்பது இல்லை! அதை எழுதியவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அப்படி அரைகுறையாக வந்தவள்தான் மெல்ல மெல்லத் தனியாக இருக்கப் பழகுகிறாள், தான் பழைய ஹாரி இல்லை என்று அறிகிறாள், திரவ ஆக்சிஜனைக் குடித்துச் சாகப் பார்க்கிறாள், சாகவும் முடியாமல் துடித்து எழுகிறாள். கடைசியில் தன்னை அழித்துவிடும்படி அங்கிருக்கும் விஞ்ஞானிகளிடம் தானே கேட்டுக்கொள்கிறாள். வாசகர் ஐயாவின் கத்தி எழுந்து நின்றது அங்கேதான். கெல்வின் என்ன செய்தான்? அப்பா வீட்டு வாசலில் மண்டியிட்டான். காமிரா மேலே போனால் அந்த வீடே சொலாரிஸ் கடலில் ஒரு தீவு.

அஸ்தம்பட்டி_வாசகர் | புதன், இரவு 10.40

கத்தரிக்கோலை நான் கவனித்திருக்கிறேன், இப்படி யோசித்ததில்லை. நாவலை எழுதிய ஸ்தானிஸ்லாவ் லெம்முக்கே படம் பிடிக்கவில்லை. தார்க்கோவ்ஸ்கி எடுத்தது சொலாரிஸ் அல்ல, தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ என்று சலித்துக்கொண்டார். லெம்முக்குக் கடல்தான் முக்கியம்: மனிதனால் ஒருபோதும் புரிந்துகொள்ள முடியாத ஒன்று எதிரே இருக்கிறது, அது பேசாது. அது காம்யு பக்கம். தார்க்கோவ்ஸ்கிக்கு மனசாட்சி முக்கியம். அவர் டேனிஷ் தத்துவவாதி கீர்க்கேகார்ட் பக்கம். ஒரே கதையில் இருவரும் இழுபறி நடத்துகிறார்கள்.

தமிழில் இல்லையா என்ற கேள்விக்குச் சினிமாவை விட்டு வெளியே ஒரு பதில் சொல்கிறேன். புறநானூறு 194, பக்குடுக்கை நன்கணியார்.

‘ஓரில் நெய்தல் கறங்க, ஓரில்
ஈர்ந்தண் முழவின் பாணி ததும்ப’

ஒரு வீட்டில் சாப்பறை, அடுத்த வீட்டில் மண முழவு. ஒருத்தி பூச்சூடுகிறாள், ஒருத்தி கண்ணீர் வடிக்கிறாள். இப்படிப் படைத்தவன் நிச்சயமாகப் பண்பில்லாதவன் என்று புலவர் நேராகவே வைகிறார். பிறகு:

‘இன்னாது அம்ம, இவ்வுலகம்;
இனிய காண்க, இதன் இயல்புணர்ந்தோரே.’

எல்லாம் அன்றே நம்மிடம் இருந்தது என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. வேறுபாடு பெரியது. நன்கணியாருக்கு வைய ஒருவன் இருக்கிறான். காம்யுவுக்கு வானம் காலி. ஆனால் ‘பிளேட் ரன்னர்’ படத்தில் ராய் என்ற செயற்கை மனிதன் தன்னைச் செய்த டைரலின் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டுகிறான். ஆயுளைக் கூட்டிக் கொடு என்கிறான். ஏன் முடியாது என்று டைரல் தொழில்நுட்பமாக விளக்கிவிட்டு, உன்னைப் போல் ஒருவனைச் செய்தது எனக்குப் பெருமை என்ற தோரணையில் தட்டிக்கொடுக்கிறார். பண்பிலாளன் என்ற சொல்லுக்கு அதைவிடப் பொருத்தமான முகத்தை நான் திரையில் பார்த்ததில்லை. படைத்தவனை அவன் வீட்டு வாசலில் சந்திக்கிற வசதி அறிவியல் புனைவுக்கு மட்டும்தான் இருக்கிறது. ராய் அவரைக் கொன்றுவிடுகிறான், அதனால் ஒரு நாள் ஆயுள் கூடக் கூடவில்லை. பிறகு மழையில், தன்னைக் கொல்ல வந்தவனையே கைப்பிடித்துத் தூக்கிவிட்டுச் சாகிறான். ‘இனிய காண்க’ என்பதை நான் அந்த மழையில்தான் புரிந்துகொண்டேன்.

சும்மா_படிக்கிறேன் | புதன், இரவு 11.30

நான் சொலாரிஸில் தூங்கிய ஆறு பேரில் ஒருவன். இப்போது சொல்லிவிடுகிறேன்.

மலைப்பாதை20 | வியாழன், காலை 8.00

தெரியும். முதல் ஆளே நீங்கள்தான்.

கொலுசுப்பட்டறை | வியாழன், இரவு 10.15

அக்கா, ‘மூன்’ படத்தை உங்கள் அப்பாவுக்குப் போட்டுக் காட்டுங்களேன். ஓட்டுநர் வேலை பார்த்தவர் என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

பன்னிரண்டாம்_வளைவு | ஞாயிறு, மாலை 6.20

நேற்றிரவு பார்த்தார். நானும் பெரியப்பாவைப் போல ஒரு தத்துவம் வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தேன். நகல் விஷயம் தெரிந்த இடத்தில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான். சாம் பூமிக்கு அழைத்துப் பேசும் இடத்தில், மகளுக்கு இப்போது பதினைந்து வயது, மனைவி இறந்தே போய்விட்டாள் என்று தெரிகிறதே, அங்கே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முடிந்த பிறகு தட்டில் சாப்பாடு போட்டுக் கொடுத்தேன். பாதிச் சாப்பாட்டில் கேட்டார்: “மூன்று மூன்று ஆண்டாக எத்தனையோ பேர் வேலை செய்திருக்கிறார்களே, அந்தச் சம்பளத்தையெல்லாம் யார் வாங்கினார்கள்?”

படத்தில் அது வருகிறதா? யாருக்காவது நினைவிருக்கிறதா?

கொலுசுப்பட்டறை | ஞாயிறு, இரவு 11.05

இரண்டாவது முறை பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வரவில்லை, அக்கா.